தகடு இல்லாத கார்டு

ஒரு பொருளில் எவ்வளவு இரும்பு இருந்தால் அது இரும்புச் சாமான் ஆகும்?

தேனியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், நதியா என்பவர் இந்தக் கேள்வியைக் கேட்டார். கடையில் நின்ற ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. பென்டிரைவ் வாங்கப் போயிருந்த எனக்கும் தெரியவில்லை. எனக்குச் சிரிப்புதான் வந்தது. மறுநாள் நடக்கப்போவது தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டேன். அதை அவருடைய வீட்டுக்காரர் முத்துப்பாண்டியிடமே பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டேன். இது அவருடைய கதை.

முத்துப்பாண்டி கம்பத்தில் ஜீப் ஓட்டியவர். விடிவதற்கு முன்பே ஸ்டாண்டுக்கு வந்து, ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக மலையேறுவார். அவரவர் தோட்டத்து வாசலில் இறக்கிவிட்டு, சாயங்காலம் அதே பெண்களைக் கூட்டிக்கொண்டு இறங்குவார். எந்த வளைவில் ஹாரன் அடிக்க வேண்டும், எந்த வளைவில் அடித்தும் பிரயோசனமில்லை, எங்கே பாறையில் ஊறும் தண்ணீர் சித்திரை மாதத்திலும் ரோட்டை நனைத்துக்கொண்டிருக்கும் என்பதெல்லாம் அவருக்கு வீட்டுப் படி மாதிரி. குனிந்து பார்க்காமலே கால் வைப்பார்.

மூன்று வருடத்துக்கு முன் ஆடிச் சாரலில் வெறும் வண்டியாகத் திரும்பும்போது ஒரு வளைவில் ஜீப் வழுக்கிக் குடை சாய்ந்தது. வேறு யாரும் வண்டியில் இல்லை. முத்துப்பாண்டிக்கு வலது முழங்கால் போயிற்று. கால் இருக்கிறது, மடங்காது. பிரேக்கை மிதிக்க முடியாத காலை வைத்துக்கொண்டு டிரைவர் என்ன செய்வார்?

வண்டி சுருளியாண்டியுடையது. ஸ்டாண்டில் நான்கு ஜீப் வைத்திருப்பவர். அவர் முத்துப்பாண்டியைக் கைவிடவில்லை. அதே ஸ்டாண்டில் நின்று, "நெடுங்கண்டம், கட்டப்பனை" என்று மலைமேல் இருக்கும் கேரளத்து ஊர்களின் பெயரைக் கூவி ஆள் ஏற்றிவிடும் வேலையைக் கொடுத்தார். பிழைக்க வழி காட்டியவர் என்று ஊரில் அவருக்கு நல்ல பெயர். அந்தப் பெயருக்கு விலை போல, புது டிரைவர்களை அனுப்பும்போதெல்லாம் முத்துப்பாண்டிக்குக் கேட்கிற மாதிரி ஒன்று சொல்வார்: "மெதுவாப் போங்கப்பா. நம்ம முத்து மாதிரி மல்லாக்கப் படுத்துறாதீக." எல்லாரும் சிரிப்பார்கள். முத்துப்பாண்டியும் சிரிப்பார். சிரிக்காவிட்டால் அது வேறு மாதிரி ஆகிவிடும்.

விபத்துக்கு ஏழரைச்சனிதான் காரணம் என்று நதியா நம்பினார். ஜாதகம் பார்த்தவரும் அதையே சொன்னார். சுருளியாண்டியும் ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு வந்து, "உனக்கு நேரம் சரியில்லப்பா" என்றார். தலைக்கு வந்தது காலோடு போயிற்று என்று நதியா குச்சனூர் சனீஸ்வரனுக்கு நேர்ந்துகொண்டார். சனிக்கிழமைதோறும் குச்சனூருக்குப் போய் எள் விளக்குப் போடுவது. சனிக்கிழமையில் இரும்பு வாங்குவதில்லை, எண்ணெய் வாங்குவதில்லை.

முத்துப்பாண்டி அதை நம்பவில்லை. பின் டயர் வழுவழுவென்று தேய்ந்து கிடந்தது அவருக்குத் தெரியும். மழைக்கு முன்னால் மாற்றிக் கொடுங்கள் என்று சுருளியாண்டியிடம் சொல்லியும் இருந்தார். ஆனால் அதை இப்போது யாரிடம் பேசுவது? மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தபோது பீ மூத்திரம் எடுத்தவர் நதியா. அவர் கேட்டது இந்த ஒன்றைத்தான். அதனால் சனீஸ்வரன் பேரில் பழி இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

மகள் சினேகா கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கப் போனபோது, அவளுக்காக வாங்கிய பழைய கம்ப்யூட்டர் வீட்டில் சும்மா கிடந்தது. ஏதோ ஆபீஸில் ஓடி ஓய்ந்த பெட்டி. லீவுக்கு வந்தவள் அதில் பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். பொழுது போகட்டும் என்றுதான் போட்டாள். முதல் நாள் அவர் விசைப்பலகையில் விரலை வைத்தார். முன்னே போக ஒரு விசை, பிரேக்குக்கு ஒரு விசை. கால் வேண்டியதில்லை. அன்று அவர் சாப்பிட எழுந்திருக்கவில்லை.

அந்த விளையாட்டில் இந்தப் பக்கத்துப் பையன்கள் சொந்தமாக ரோடு செய்து சேர்ப்பார்கள். கேரளத்துப் பஸ், நம் ஊர்ப் பஸ் எல்லாம் உண்டு. நெடுங்கண்டத்துப் பையன் ஒருவன் கம்பம்மெட்டு ரோட்டை அப்படியே செய்திருந்தான். சினேகா அப்பாவை அந்தப் பையன்களின் வாட்ஸப் குழுவில் சேர்த்துவிட்டாள். முத்துப்பாண்டி ரோட்டை ஓட்டிப் பார்த்துவிட்டு, மூன்றாவது வளைவு தப்பு, அங்கே பாலத்துச் சுவர் இன்னும் வெளியே தள்ளி இருக்கும் என்று குரல் பதிவு அனுப்பினார். பையன் திருத்தினான். பிறகு இன்னொன்று, இன்னொன்று. குழுவில் அவர் ‘முத்தண்ணன்’ ஆனார். மலையாளத்துப் பையன்களுக்குச் சேட்டன். அவர் மலையில் வண்டி ஓட்டுகிறவர் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஓட்டியவர் என்று அவர் திருத்தவில்லை.

ஒரு வியாழக்கிழமை குழுவில் முடிவு செய்தார்கள். வருகிற ஞாயிறு சாயங்காலம் எல்லாரும் அவரவர் வீட்டிலிருந்து ஒரே நேரத்தில் அந்த ரோட்டில், ஒன்றன் பின் ஒன்றாகப் பஸ் ஓட்டி மலையேற வேண்டும். முதல் வண்டி யார் என்று பேச்சு வந்தபோது நெடுங்கண்டத்துப் பையன் குரல் பதிவில் சொன்னான்: "சேட்டன் முன்னில் பொய்க்கோ." அண்ணன் முன்னால் போங்க என்று அர்த்தம்.

முத்துப்பாண்டி அதை எத்தனை முறை கேட்டாரோ தெரியாது. மறுநாள் ஸ்டாண்டில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டார். சுருளியாண்டி விசாரித்துவிட்டு, நானும் பார்க்க வருகிறேன் என்றார்.

ஆனால் பெட்டி ஓடாது. சமவெளியில் எப்படியோ தள்ளும். மலையேறும்போது ஒவ்வொரு வளைவிலும் திரை நின்றுவிடும். திரும்ப அசையும்போது பஸ் பள்ளத்தில் கிடக்கும். இந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு முன்னால் போனால் பின்னால் வரும் அத்தனை பேரும் வந்து மோத வேண்டியதுதான்.

ஸ்டாண்டில் சம்பளம் சனிக்கிழமை காலையில்தான் கிடைக்கும். அதை வாங்கிக்கொண்டு, பெட்டியைச் சாக்கில் கட்டிப் பஸ்ஸில் ஏற்றி, நதியாவோடு குச்சனூரில் இறங்கி விளக்குப் போட்டுவிட்டு, அங்கிருந்து தேனிக்கு வந்தார். கடை ஞானசிகாமணி என்பவருடையது. கல்லாவில் அவர் இருப்பார். பெட்டியைத் திறந்து பார்ப்பது மகள் மகிமா.

டிரைவர் அல்லவா, முத்துப்பாண்டி முதலில் எஞ்சினைத்தான் கேட்டார். பிராசசரை மாற்றிவிடலாமா என்றார்.

"எஞ்சின் நல்லா இருக்குண்ணே. ஆபீஸ்ல கணக்குப் போட்ட மிஷினு, அடிபடாத எஞ்சின்" என்றார் மகிமா. "ஒங்களுக்கு ரோடுதான் லேட்டா வருது."

அவர் விளக்கியது எனக்கே அன்றுதான் புரிந்தது. பழைய ஹார்ட் டிஸ்கில் தட்டு சுற்றி, முள் தேடி, அடுத்த வளைவை எடுத்துக் கொடுப்பதற்குள் பஸ் அங்கே போய்விடுகிறது. அதனால் திரை நிற்கிறது. அதற்குச் சுற்றும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. போட வேண்டும். எடுத்த ரோட்டை இறக்கி வைக்க இடம் வேண்டும், அதற்கு இருக்கிற ரேமோடு அதே வகையில் இன்னொன்று. மரத்தையும் மலையையும் படமாக வரைவதற்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு. பெரிய கார்டு வேண்டாம். அதற்குத் தனியாகக் கரண்டு வயர் கொடுக்க வேண்டும், இந்தப் பெட்டியின் பவர் சப்ளையில் அந்த வயர் கிடையாது. செருகும் இடத்திலேயே கரண்டு எடுத்துக்கொள்ளும் சின்னக் கார்டு போதும். புதியது வாங்கக் கட்டாது. போடியில் படிக்கும் கல்லூரிப் பையன் ஒருவன் விற்றுவிட்டுப் போன கார்டு ஒன்று இருந்தது. பழசுக்கு வாரண்டி கிடையாது என்று முதலிலேயே சொன்னார்.

எல்லாவற்றையும் அந்தப் பெட்டியிலேயே மாட்டி, விளையாட்டை ஏற்றி, முத்துப்பாண்டியை உட்காரச் சொன்னார். கம்பம்மெட்டு ரோடு வந்தது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு, பாலத்துச் சுவர். எங்கும் நிற்கவில்லை. பாறையில் ஊறிய தண்ணீர் கூட மினுங்கியது. முத்துப்பாண்டி திரும்பி மனைவியைப் பார்த்தார்.

நதியா திரையைப் பார்க்கவில்லை. பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏத்தா, இதுல இரும்பு இருக்கா?"

"எல்லாத்துலயும் கொஞ்சம் இருக்கும்க்கா."

"எம்புட்டு இருந்தா அது இரும்புச் சாமான்?"

நாளைக்கு வந்து வாங்கிக்கொள்கிறோம் என்றார் நதியா. ஞாயிற்றுக்கிழமை அப்பா சர்ச்சுக்குப் போய்விடுவார், ஷட்டரைத் தொடவே விடமாட்டார் என்றார் மகிமா. கல்லாவிலிருந்து ஞானசிகாமணி, ஆமாம் என்று தலையாட்டினார். ஒருவருக்குச் சனிக்கிழமை ஆகாது, ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஆகாது. முத்துப்பாண்டிக்கு ஞாயிறு சாயங்காலத்தை விட்டால் வேறு நாள் கிடையாது.

முத்துப்பாண்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நதியா விட்டுக் கொடுத்திருப்பார். அவர் சொல்லவில்லை.

மகிமா தன் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். அதன் முனை காந்தம். ரேமில் வைத்தார், ஒட்டவில்லை. எஸ்.எஸ்.டி.யில் வைத்தார், ஒட்டவில்லை. கார்டின் மேலிருந்த அலுமினியத்தில் வைத்தார், ஒட்டவில்லை. மோட்டார் இருக்கும் விசிறியின் நடுவில் மட்டும் வைக்கவே இல்லை, அதை நான் கவனித்தேன். கடைசியாகக் கார்டின் ஓரத்தில் இருந்த தகட்டில் வைத்தபோது ‘டிக்’ என்று ஒட்டிக்கொண்டது. கார்டைப் பெட்டியோடு திருகி நிறுத்துவது அந்தத் தகடுதான். விரல் அகலம் இருக்கும், வெற்றிலை கனம்.

பெட்டியின் மேல் வைத்திருந்த கையை நதியா எடுத்துக்கொண்டார்.

மகிமாவுக்கு மனசில்லை. ஆனாலும் அவர்கள் வந்த தூரத்தை நினைத்து, திருகைக் கழற்றித் தகட்டைத் தனியே எடுத்து மேஜை டிராயரில் போட்டார்.

"இத இன்னைக்கு நான் விக்கல. திங்கக்கெழம வந்து வாங்கிக்கங்க. அதுவரைக்கும் பெட்டியப் படுக்கப் போட்டே வைங்கண்ணே. படுத்திருந்தா கார்டு நேரா நிக்கும், அசையாது. நிமித்துனா ஒரு பக்கமாத் தொங்கும். நிமித்திறாதீக."

பஸ்ஸில் ஆடும் என்பதால் கார்டைக் கழற்றித் தனியாகக் கொடுத்து, எப்படிச் செருகுவது என்று காட்டியும் கொடுத்தார். வீட்டுக்குப் போனதும் முத்துப்பாண்டி பெட்டியைப் படுக்கப் போட்டு, கார்டைச் செருகி ஓட்டிப் பார்த்தார். கடையில் ஓடியது போலவே ஓடியது. அன்று ராத்திரி அவர் பேசிக்கொண்டே இருந்தார் என்று நதியா சொன்னார். கல்யாணமான புதிதில் அப்படிப் பேசுவாராம்.

ஞாயிறு சாயங்காலம் சுருளியாண்டி இரண்டு டிரைவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். நதியா காப்பி கொடுத்தார். முத்துப்பாண்டி இஸ்திரி போட்ட சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். செல்போனில் குழு கூடியிருந்தது. பையன்கள் ஒவ்வொருவராக, நான் ரெடி, நான் ரெடி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். முத்தண்ணனோடு ஒன்பது வண்டி.

சுருளியாண்டி திரையைப் பார்க்கவில்லை. தரையில் பக்கவாட்டில் கிடந்த பெட்டியைப் பார்த்தார்.

"ஏலே முத்து, என்னப்பா இது? ஏறுமுன்னயே வண்டி குடை சாஞ்சு கெடக்கு?"

இரண்டு டிரைவர்களும் சிரித்தார்கள். முத்துப்பாண்டியும் சிரிப்பார் என்று பார்த்தார்கள். ஸ்டாண்டில் சிரிப்பாரே, அது போல. அவர் சிரிக்கவில்லை. மடங்காத காலை நீட்டிக்கொண்டு எழுந்தார்.

"மாமா, அந்தப் பொண்ணு நிமித்தக் கூடாதுன்னு சொல்லிச்சு" என்றார் நதியா.

"நிக்கட்டும்" என்றார் முத்துப்பாண்டி. இரண்டு கையாலும் பெட்டியைத் தூக்கி நிறுத்தினார்.

எல்லாம் சரியாகத்தான் கிளம்பியது. முதல் வண்டி முத்தண்ணன். அடிவாரத்துத் தென்னந்தோப்புகள் பின்னால் போயின. முதல் வளைவில் ஹாரன் அடித்தார். பின்னால் எட்டு ஹாரன் வரிசையாக ஒலித்தன. டிரைவர்களில் ஒருவர் தன்னை அறியாமல், "யப்பா, அப்படியே இருக்கு" என்றார். சுருளியாண்டி காப்பியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

மூன்றாவது வளைவு தாண்டியதும் திரை கறுத்துவிட்டது.

பெட்டிக்குள் கார்டு தன் கனத்திலும் திரைக்குப் போகும் வயரின் கனத்திலும் மெல்லச் சாய்ந்திருக்கிறது. பிடித்துக்கொள்ளத் தகடு இல்லை. வயரின் முனை பாதி வெளியே வந்துவிட்டது. ஆனால் விளையாட்டு நிற்கவில்லை. ஸ்பீக்கரில் பஸ்ஸின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. திரையில்தான் ஒன்றுமில்லை.

முத்துப்பாண்டி நிறுத்தியிருக்கலாம். முதல் வண்டி வளைவில் நின்றால் பின்னால் வருகிற எட்டும் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அவர் விரலை எடுக்கவில்லை. பாலத்திலிருந்து அடுத்த திருப்பம் எவ்வளவு தூரம் என்று அவர் உடம்புக்குத் தெரியும். எஞ்சின் திணறும் சத்தத்தில் ஏற்றத்தை அளந்தார். இடது பக்கம் ஒடித்தார். ஹாரன் அடித்தார். சத்தம் மாறவில்லை, மோதவில்லை, வண்டி ரோட்டில்தான் இருந்தது. அடுத்தது வலது பக்கம், நீள வளைவு. அதையும் எடுத்தார். செல்போனில் நெடுங்கண்டத்துப் பையன், "அடிபொளி, சேட்டா" என்று மெச்சிக் கத்தினான்.

கறுத்த திரைக்கு முன்னால் இஸ்திரிச் சட்டை போட்ட மனிதர் மலையேறிக்கொண்டிருந்தார். அவர் வாழ்க்கையில் ஓட்டியதிலேயே நல்ல ஓட்டம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அப்போது சுருளியாண்டி, "ஒரு தட்டுத் தட்டுனா வந்துரும்" என்று சொல்லி, நின்றுபோன ஜீப்பின் முன்பக்கத்தைத் தட்டுவது போல, பெட்டியின் மேல் உள்ளங்கையால் ஓங்கி ஒன்று வைத்தார்.

உள்ளே ஏதோ படீரென்றது. சத்தம் நின்றது. கருகிய வாசனை வந்தது. செல்போனில் மட்டும் பையன்கள், சேட்டா, முத்தண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். நதியா அதை எடுத்து அணைத்தார்.

சுருளியாண்டி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "என்னத்தச் சொல்ல. ஒனக்கு நேரமே சரியில்லப்பா" என்றார்.

முத்துப்பாண்டி விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டே, சத்தம் போடாமல் சொன்னார்:

"டயரு வழுக்கையாக் கெடக்குன்னு ஒங்ககிட்டச் சொன்னேன்ல அண்ணே."

மூன்று வருடத்தில் அவர் அதைச் சொன்னது அன்றுதான். டிரைவர்கள் இரண்டு பேரும் சுருளியாண்டியைப் பார்த்தார்கள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். மறுநாள் விடியுமுன் முத்துப்பாண்டி ஸ்டாண்டுக்குப் போனபோது, நெடுங்கண்டம், கட்டப்பனை என்று வேறொருவர் கூவிக்கொண்டிருந்தார்.

கார்டும் போயிற்று, அது செருகியிருந்த போர்டும் போயிற்று. மகிமா வருத்தப்பட்டு, தகட்டைக் காகிதத்தில் சுற்றிப் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். இப்போது அது வீட்டு ஜன்னலில், கதவு காற்றில் அடிக்காமல் இருக்க இடுக்கில் செருகிக் கிடக்கிறது. நதியா சனிக்கிழமை குச்சனூர் போவதை நிறுத்தவில்லை. ஆனால் என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் நின்றுவிட்டு வருவதாகச் சொன்னார். முத்துப்பாண்டி வாழைக்காய் மண்டி வாசலில் உட்கார்ந்து, உள்ளே போகிற வெளியே வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறார்.

அந்தக் குழுவில் பையன்கள் இரண்டு நாள் கேட்டார்கள். நெட் போய்விட்டதா, கரண்டு போய்விட்டதா, அடுத்த ஞாயிறு வைத்துக்கொள்ளலாமா என்று. மூன்றாம் நாள் முத்துப்பாண்டி பதில் எழுதினார்: "வண்டிய வித்துட்டேன்." எழுதிவிட்டுக் குழுவிலிருந்து வெளியே வந்துவிட்டார். பாதி மலையில் தங்களை விட்டுவிட்டுப் போனவர் என்று அதற்குப் பிறகு அவரைப் பற்றிப் பேசிக்கொண்டார்களாம். சினேகா குழுவில் பார்த்துவிட்டுச் சொன்னாள். அவள் விளக்கம் சொல்லப் போனபோது அப்பா வேண்டாம் என்று தடுத்துவிட்டார். என்னை அவர் தடுக்கவில்லை. எழுதிக்கோ என்றார்.

அதனால் ஒன்று கேட்கிறேன். கம்பத்திலோ நெடுங்கண்டத்திலோ கட்டப்பனையிலோ, கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டுகிற பையன் ஒருவனையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இதை அவனுக்கு அனுப்புங்கள். தமிழ் படிக்கத் தெரியாவிட்டால் படித்துச் சொல்லுங்கள். அன்று முதல் வண்டி கடைசி இரண்டு வளைவையும் கண் தெரியாமல் எடுத்தது. பின்னால் வந்தவர்கள் மோதிவிடக் கூடாது என்றுதான் எடுத்தது. இது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.